முடக்குவாதம் முதல் லூபஸ் வரை: மருத்துவ உலகம் மறந்த மேதை எல்லப்பிரகட சுப்பாராவ்

முடக்குவாதம், சொரியாசிஸ், லூபஸ் எனப் பல பெயர்களில் மனித உடலைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்களின் சிகிச்சையில் இன்று உலகெங்கும் பரவலாகப் பயன்படும் மருந்துகளில் ஒன்று மெத்தோட்ரெக்சேட். அந்த மருந்து உருவான அமெரிக்க ஆய்வகத்துக்குத் தலைமை தாங்கியவர், கோதாவரிக் கரையோர மண்ணில் பிறந்து சென்னையில் மருத்துவம் பயின்ற இந்தியர் என்பதைப் பலரும் அறிந்திருக்கவில்லை. தமது உழைப்பின் விளைவு கோடிக்கணக்கானோரின் மூட்டுவலியைத் தணிக்கப்போகிறது என்பதை அறியாமலேயே அவர் மறைந்தார். அவர்தான் டாக்டர் எல்லப்பிரகட சுப்பாராவ்.

நமது நோய் எதிர்ப்பு மண்டலம் கிருமிகளை அழிப்பதற்காக அமைந்தது. சிலருக்கு அது திசைமாறி, சொந்த உடலின் திசுக்களையே பகையாகக் கருதித் தாக்கத் தொடங்குகிறது. அந்தத் தாக்குதல் மூட்டுகளில் நிகழும்போது முடக்குவாதமாகவும், தோல், மூட்டு, சிறுநீரகம், ரத்தம் எனப் பல உறுப்புகளிலும் பரவும்போது லூபஸாகவும் வெளிப்படுகிறது. லூபஸ் நோயாளிகளில் சுமார் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு இளம் வயதிலேயே நோய் தொடங்குகிறது. சென்ற நூற்றாண்டின் முதற்பாதியில் இத்தகைய நோயாளிகளுக்கு ஓய்வையும் வலிநிவாரணிகளையும் தவிர மருத்துவர்களால் தர முடிந்தவை மிகக் குறைவு.

அந்த நிலை மாறியதில் சுப்பாராவின் பங்கு என்ன என்பதை உணர, அவர் கடந்து வந்த பாதையைத் திரும்பிப் பார்ப்பது அவசியம்.

பீமாவரத்தில் தொடங்கிய பயணம்

அன்றைய சென்னை மாகாணத்தின் பகுதியாக இருந்த, இன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் பீமாவரத்தில் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் தேதி சுப்பாராவ் பிறந்தார். வறுமை சூழ்ந்த குடும்பம். படிப்பில் நாட்டம் குறைந்த சிறுவனாக இருந்த அவர், 13 வயதில் வீட்டைவிட்டுப் புறப்பட்டார். காசிக்குச் சென்று, யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாம் என்பது அவரது எண்ணம். வழியிலேயே தடுக்கப்பட்டு வீடு திரும்பிய அவரை, தாய் வெங்கம்மா உறுதியுடன் மீண்டும் பள்ளிக்கு அனுப்பினார்.

மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோல்வியுற்ற சுப்பாராவ், சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மூன்றாம் முயற்சியில் வெற்றி பெற்றார். பின்னர் மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட் பயின்றார். அக்காலத்தில் துறவு வாழ்வின் மீது அவருக்கு ஈர்ப்பு ஏற்பட்டது. ராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பிய அவருக்குத் தாய் அனுமதி அளிக்கவில்லை என்றும், மருத்துவம் பயின்று மக்களுக்குத் தொண்டாற்றுமாறு மடத்தினரே அவரை நெறிப்படுத்தினர் என்றும் அவரது வாழ்க்கை வரலாறுகள் குறிப்பிடுகின்றன.

மறுக்கப்பட்ட பட்டம்

நண்பர்களின் உதவியாலும், பின்னாளில் மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியின் ஆதரவாலும் சென்னை மருத்துவக் கல்லூரியில் அவர் சேர்ந்தார். அது தேசிய இயக்கம் வேகம் பெற்றிருந்த காலம். அந்நியப் பொருட்களைப் புறக்கணிக்குமாறு காந்தியடிகள் விடுத்த அழைப்பை ஏற்று, அறுவை சிகிச்சை அரங்கிலும் கதர் அங்கியையே சுப்பாராவ் அணிந்தார். ஆங்கிலேயரான அறுவை சிகிச்சைப் பேராசிரியர் அதனால் கோபமுற்றார்.

அதன் விளைவு அவரது எதிர்காலத்தையே பாதித்தது. எழுத்துத் தேர்வுகளைச் சிறப்பாக எழுதியும், முழுமையான எம்பிபிஎஸ் பட்டத்துக்குப் பதிலாக, அதைவிடக் குறைந்த தகுதியாகக் கருதப்பட்ட எல்எம்எஸ் சான்றிதழே அவருக்கு வழங்கப்பட்டது. அரசு மருத்துவப் பணியில் சேர அவர் மேற்கொண்ட முயற்சியும் பலனளிக்கவில்லை. சென்னையில் இயங்கிவந்த டாக்டர் ஆசண்ட லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் விரிவுரையாளராக அவர் பணியேற்றார். மூலிகைகளின் குணமாக்கும் ஆற்றலை நவீன அறிவியலின் துணைகொண்டு ஆராயும் ஆர்வம் அங்குதான் அவருக்கு வேரூன்றியது.

அதே காலகட்டத்தில் அவரது குடும்பத்தைப் பெருந்துயரம் தாக்கியது. உடன்பிறந்த சகோதரர்கள் இருவர் ஸ்ப்ரூ என்னும் நோய்க்குச் சில நாட்கள் இடைவெளியில் பலியாயினர். உண்ட உணவின் சத்துகளைக் குடல் உறிஞ்ச முடியாமல், தீராத வயிற்றுப்போக்கும் ரத்த சோகையும் ஏற்பட்டு உடல் உருக்குலையும் வெப்பமண்டல நோய் அது. அதற்கான மருந்து அன்று எவரிடமும் இல்லை. அந்த மருந்தைத் தேடுவதே தமது கடமை என்ற உறுதி சுப்பாராவின் உள்ளத்தில் பிறந்தது.

பாஸ்டன் நகரின் இரவுப் பணியாளர்

காக்கிநாடாவின் சத்தியலிங்கம் அறக்கட்டளை அளித்த உதவியுடனும் மாமனாரின் பொருளுதவியுடனும், 1920களின் தொடக்கத்தில் அவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். இளம் மனைவி சேஷகிரியைத் தாயகத்தில் விட்டுச் சென்றார். சில ஆண்டுகளில் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்துடன் தொடங்கிய அந்தப் பயணத்திலிருந்து அவர் திரும்பவே இல்லை. அவர் சென்றபின் பிறந்த மகனும் கைக்குழந்தைப் பருவத்திலேயே இறந்துபோனான்.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் சேர்ந்த அவருக்கு, இந்திய மருத்துவச் சான்றிதழைக் கொண்டு அமெரிக்காவில் மருத்துவராகப் பணியாற்ற இயலவில்லை. எனவே பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் இரவு நேர ஊழியராக வேலை பார்த்தார். நோயாளிகளின் கழிவுப் பாத்திரங்களைச் சுத்தம் செய்வதும் அந்த வேலையின் ஒரு பகுதி.

பட்டயப் படிப்பை முடித்தபின் ஹார்வர்டின் உயிர்வேதியியல் துறையில் அவர் சேர்ந்தார். அங்கு சைரஸ் ஃபிஸ்க் என்ற அறிவியலாளருடன் இணைந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸின் அளவை நிறமாற்றத்தின் மூலம் கணக்கிடும் முறையை உருவாக்கினார். 1925ஆம் ஆண்டு வெளியான அந்த முறை ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்ற பெயரில் உலகெங்கும் உயிர்வேதியியல் மாணவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது.

அந்த ஆய்வு மேலும் பெரிய கண்டுபிடிப்புகளுக்கு வழிவகுத்தது. தசையில் ஆற்றலைச் சேமித்துவைக்கும் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளை 1927ஆம் ஆண்டு இருவரும் அறிவித்தனர். அதைத் தொடர்ந்து 1929ஆம் ஆண்டு, உயிர்களின் ஆற்றல் நாணயம் என இன்று பாடநூல்கள் வருணிக்கும் ஏடிபி மூலக்கூறைத் தசையிலிருந்து பிரித்தெடுத்தனர். ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் அதே காலத்தில் தனியாக அதைக் கண்டறிந்தார். 1930ஆம் ஆண்டு சுப்பாராவ் முனைவர் பட்டம் பெற்றார்.

இத்தனைக்குப் பின்னும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பணி கிடைக்கவில்லை. சுப்பாராவின் பங்களிப்புகளில் சில வெளிச்சத்துக்கு வருவதற்கு ஃபிஸ்க் இடமளிக்கவில்லை என்று, அதே துறையில் ஆய்வு மாணவராக இருந்து பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் கருத்துத் தெரிவித்தார். லூபஸ் சிகிச்சையில் இன்றும் பயன்படும் அசதியோபிரின் மருந்தை ஜெர்ட்ரூட் எலியனுடன் சேர்ந்து உருவாக்கியவரும் இதே ஹிட்சிங்ஸ்தான்.

இலையின் பெயர் கொண்ட வைட்டமின்

1940ஆம் ஆண்டு ஹார்வர்டை விட்டு விலகிய சுப்பாராவ், நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் ஊரில் இயங்கிய லெடர்லே ஆய்வகத்தில் சேர்ந்தார். அமெரிக்கன் சயனமிட் நிறுவனத்தின் அங்கமான அந்த ஆய்வகத்தின் ஆராய்ச்சிப் பிரிவுக்குச் சில ஆண்டுகளில் இயக்குநராகவும் ஆனார்.

சகோதரர்களைப் பறித்த ஸ்ப்ரூ நோயை அவர் மறந்துவிடவில்லை. ஒருவகை ரத்த சோகையைக் குணமாக்கும் பொருள் கல்லீரல் சாற்றிலும் ஈஸ்டிலும் இருக்கிறது என்பதற்கான சான்றுகள் அப்போது சேர்ந்துகொண்டிருந்தன. 1930ஆம் ஆண்டையொட்டி மும்பையின் நெசவாலைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த கர்ப்பிணிகளின் ரத்த சோகையை ஈஸ்ட் சாற்றால் போக்க முடியும் என ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ் காட்டியிருந்தார். 1941ஆம் ஆண்டு பசலைக் கீரையிலிருந்து அந்தப் பொருளைச் செறிவாகப் பிரித்த அமெரிக்க ஆய்வாளர்கள், இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லைக் கொண்டு அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர்.

அந்தப் பொருளைத் தூய வடிவில் பிரித்து, அதன் வேதியியல் அமைப்பை அறிந்து, ஆய்வகத்திலேயே செயற்கையாகத் தயாரிக்கும் பணியைச் சுப்பாராவின் குழு மேற்கொண்டது. 1945ஆம் ஆண்டு அதில் வெற்றியும் கண்டது. ஸ்ப்ரூ நோயாளிகளின் ரத்த சோகைக்கு மருந்து கிடைத்தது. சகோதரர்களை இழந்த அவர் அந்த இலக்கை எட்ட இருபது ஆண்டுகளுக்கும் மேல் ஆயிற்று.

வைட்டமினிலிருந்து எதிர்மருந்து

செல்கள் பிளந்து பெருகுவதற்கு ஃபோலிக் அமிலம் இன்றியமையாதது. அப்படியானால், தோற்றத்தில் அதைப் போலவே இருந்து, செயலில் அதைத் தடுக்கும் போலி மூலக்கூறு ஒன்றை உருவாக்கினால், கட்டுக்கடங்காமல் பெருகும் செல்களை நிறுத்த முடியுமா? இந்தக் கேள்வியை எழுப்பியவர்களில் முக்கியமானவர் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் சிட்னி ஃபார்பர். ரத்தப் புற்றுநோயால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலம் சார்ந்த பொருட்களை அளித்தபோது நோய் தீவிரமடைவதை அவர் கவனித்திருந்தார்.

சுப்பாராவின் வேதியியலாளர்கள் அத்தகைய போலி மூலக்கூறுகளை அடுத்தடுத்து உருவாக்கி ஃபார்பருக்கு அனுப்பினர். அவற்றுள் அமினோப்டெரின் என்பது வியப்பூட்டும் பலனைத் தந்தது. மரணத்தின் விளிம்பில் இருந்த 16 குழந்தைகளுக்கு அது அளிக்கப்பட்டதில் 10 பேரின் உடல்நிலை தற்காலிகமாக முன்னேறியது. 1948ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியான அந்த ஆய்வறிக்கை, புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சையின் தொடக்க அத்தியாயமாகக் கருதப்படுகிறது. அமினோப்டெரினின் அமைப்பில் சிறு மாற்றம் செய்து அதே ஆய்வகம் உருவாக்கிய இன்னொரு மூலக்கூறுதான் மெத்தோட்ரெக்சேட்.

ஒரே ஆண்டின் மூன்று திருப்பங்கள்

தன்னெதிர்ப்பு நோய்களின் வரலாற்றில் 1948ஆம் ஆண்டுக்குத் தனி இடம் உண்டு. அமெரிக்காவின் மாயோ மருத்துவமனையில் மால்கம் ஹார்கிரேவ்ஸும் அவரது சகாக்களும், லூபஸ் நோயாளிகளின் எலும்பு மஜ்ஜையில் காணப்பட்ட தனித்தன்மை வாய்ந்த எல்இ செல்லை அந்த ஆண்டின் தொடக்கத்தில் விவரித்தனர். லூபஸை ஆய்வகச் சோதனையின் மூலம் இனங்காணும் வழி அதனால் பிறந்தது. அமினோப்டெரின் அறிக்கை ஜூன் மாதம் வெளிவந்தது. செப்டம்பர் மாதம் அதே மாயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச், முடக்குவாதத்தால் படுக்கையில் கிடந்த பெண்ணுக்கு முதன்முறையாகக் கார்டிசோன் ஊசி செலுத்தினார். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தார்.

இந்த மூன்றாவது திருப்பத்தைக் காணச் சுப்பாராவ் உயிருடன் இல்லை. 1948ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், 53ஆம் வயதில், மாரடைப்பால் அவர் காலமானார்.

கார்டிசோன் கண்டுபிடிப்புக்காக ஹென்ச் உள்ளிட்ட மூவருக்கு 1950ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்தப் பேரொளியில் வேறொரு செய்தி கவனிக்கப்படாமல் போனது. 1951ஆம் ஆண்டு ரிச்சர்ட் குப்னர் என்ற மருத்துவரும் அவரது சகாக்களும் முடக்குவாத நோயாளிகளுக்கு அமினோப்டெரினை அளித்துப் பார்த்தனர். மூட்டு வீக்கம் தணிந்தது மட்டுமன்றி, சொரியாசிஸ் திட்டுகளும் மறைவதை அவர்கள் பதிவு செய்தனர். எனினும் கார்டிசோன் இருக்கையில், புற்றுநோய்க்குரிய நச்சுத்தன்மை மிக்க மருந்தை மூட்டுவலிக்குத் தருவதை மருத்துவ உலகம் விரும்பவில்லை.

கார்டிசோனை நீண்ட காலம் எடுத்துக்கொள்வதால் எலும்புகள் நலிவதும், நீரிழிவும் தொற்றுகளும் ஏற்படுவதும் தெரியவந்தபோதுதான் பார்வை மாறியது. முதலில் தோல் மருத்துவர்கள் சொரியாசிஸுக்கு மெத்தோட்ரெக்சேட்டைப் பயன்படுத்தத் தொடங்கினர். 1980களில் நடந்த முறையான ஆய்வுகள், குறைந்த அளவில் வாரம் ஒருமுறை அளித்தால் முடக்குவாதம் கட்டுக்குள் வருவதை நிரூபித்தன. 1988ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அந்தப் பயன்பாட்டுக்கு ஒப்புதல் அளித்தது. குப்னரின் அறிக்கைக்கும் இந்த ஒப்புதலுக்கும் இடைப்பட்ட 37 ஆண்டுகளில் எத்தனையோ நோயாளிகளின் கைகால்கள் மீட்க முடியாதவாறு முடங்கிப்போயின.

இன்று முடக்குவாதச் சிகிச்சையின் அடித்தளமாக மெத்தோட்ரெக்சேட் விளங்குகிறது. சிறார் மூட்டு அழற்சியிலும் அது பயன்படுகிறது. லூபஸைப் பொறுத்தவரை ஹைட்ராக்சிகுளோரோகுயின் முதன்மை மருந்தாக இருக்க, மூட்டுகளிலும் தோலிலும் நோய் அடங்காதபோது மெத்தோட்ரெக்சேட் துணைக்கு வருகிறது. சிறுநீரகம் பாதிக்கப்பட்டால் வேறு மருந்துகள் தேவைப்படுகின்றன.

மருந்தும் மாற்றும்

மூட்டுநோய்க்கு இந்த மருந்து எவ்வாறு பயனளிக்கிறது என்பதற்கான விளக்கம் சுப்பாராவின் இளமைக்கால ஆய்வுடன் தொடர்புடையது. குறைந்த அளவில் தரப்படும்போது, செல்களுக்கு வெளியே அடினோசின் என்ற பொருளின் அளவை மெத்தோட்ரெக்சேட் உயர்த்துகிறது. அந்த அடினோசின் அழற்சியைத் தணிக்கிறது என்பது அறிவியலாளர்கள் முன்வைக்கும் முக்கிய விளக்கம். அடினோசின் என்பது, ஃபிஸ்க்குடன் சேர்ந்து 1929ஆம் ஆண்டு அவர் பிரித்தெடுத்த ஏடிபியின் ஒரு பகுதிதான்.

மெத்தோட்ரெக்சேட் எடுத்துக்கொள்வோருக்கு வாய்ப்புண், குமட்டல், கல்லீரல் பாதிப்பு போன்ற பக்கவிளைவுகளைக் குறைக்க ஃபோலிக் அமில மாத்திரையையும் மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர். ஒரே மருந்துச்சீட்டில் இடம்பெறும் இவ்விரண்டும் சுப்பாராவின் ஆய்வகத்தில் உருப்பெற்றவை. அதேவேளை இது எச்சரிக்கையுடன் கையாள வேண்டிய மருந்து. மூட்டுநோய்க்கு வாரம் ஒருமுறை உட்கொள்ள வேண்டியதைத் தவறுதலாகத் தினமும் உட்கொண்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். கர்ப்பிணிகளும் கருத்தரிக்கத் திட்டமிடுவோரும் இதைத் தவிர்க்க வேண்டும். மருத்துவரின் கண்காணிப்பும் குறித்த கால ரத்தப் பரிசோதனையும் கட்டாயம்.

பேர்ல் ரிவரின் பிற கொடைகள்

சுப்பாராவ் தலைமையேற்ற எட்டு ஆண்டுகளுக்குள் லெடர்லே ஆய்வகம் வேறு இரு பெரும் மருந்துகளையும் உலகுக்கு அளித்தது. எழுபது வயதைக் கடந்த தாவரவியலாளர் பெஞ்சமின் டக்கர், அவரது ஊக்கத்துடன் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து ஆரியோமைசினைக் கண்டறிந்தார். டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக் மருந்துகளில் முதலாவது அதுவே. யானைக்கால் நோய்க்கான டைஎத்தில்கார்பமசின் 1947ஆம் ஆண்டு வெளிவந்தது. யானைக்கால் நோய் ஒழிப்புத் திட்டத்தின்கீழ் இந்தியாவில் வீடு வீடாக வழங்கப்படும் மாத்திரைகளில் அதுவும் ஒன்று.

மெத்தோட்ரெக்சேட், ஃபோலிக் அமிலம், டைஎத்தில்கார்பமசின் ஆகிய மூன்றும் உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. இவற்றை ஒரு தனிமனிதரின் கண்டுபிடிப்பு எனக் கூறுவது பொருந்தாது. வேதியியலாளர்கள், மருத்துவர்கள், நுண்ணுயிரியலாளர்கள் எனப் பலரின் கூட்டுழைப்பு அவற்றின் பின்னால் உள்ளது. எந்த நோயை நோக்கி, எந்த வழியில் அவர்கள் செல்ல வேண்டும் என்பதைத் தீர்மானித்தவர் சுப்பாராவ். ஆய்வுக் கட்டுரைகளில் சகாக்களின் பெயர்களே முன்னிற்க, அவர் பெரும்பாலும் பின்னணியிலேயே நின்றார். அதுவே அவரது புகழ் பரவாமல் போனதற்கு ஒரு காரணமாகவும் அமைந்தது.

தாமதமான அங்கீகாரம்

இந்தியர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெறுவதற்கு நீண்ட காலம் இருந்த தடை 1946ஆம் ஆண்டு விலகியது. அதன்பின்னும் சுப்பாராவ் அமெரிக்கக் குடிமகனாகவில்லை. விடுதலை பெற்ற தாயகத்தை ஒருமுறையேனும் காணும் வாய்ப்பும் அவருக்கு அமையவில்லை. சேஷகிரியுடன் அவர் வாழ்ந்த இல்லற வாழ்க்கை, திருமணத்துக்கும் கப்பல் பயணத்துக்கும் இடைப்பட்ட சில ஆண்டுகளோடு முடிந்துபோனது.

அவர் பணியாற்றிய நிறுவனத்தினர், புதிதாகக் கண்டறியப்பட்ட பூஞ்சை ஒன்றுக்குச் சுப்பாரோமைசஸ் என்று பெயரிட்டு அவரைக் கௌரவித்தனர். அவரது பிறந்த நூற்றாண்டையொட்டி 1995ஆம் ஆண்டு இந்திய அரசு அஞ்சல் தலை வெளியிட்டது. நோபல் பரிசோ, வாழ்நாளில் பரவலான புகழோ அவரை வந்தடையவில்லை.

ஆயினும், காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாமல் தவித்த ஒருவர் சில மாதச் சிகிச்சைக்குப்பின் தாமே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்ளவும், எழுதுகோலைப் பிடிக்கவும், குழந்தையைத் தூக்கிக்கொள்ளவும் முடிகிறதெனில், அதில் சுப்பாராவின் உழைப்பும் கலந்திருக்கிறது. மலிவு விலையில் கிடைக்கும் அந்தச் சிறு மாத்திரை, நவீன உயிரியல் மருந்துகளை வாங்க வசதியற்ற கோடிக்கணக்கான இந்தியர்களுக்கு இன்றளவும் முதல் நம்பிக்கையாக விளங்குகிறது.